மேடம், பிரின்ஸிபால் கூப்பிடறாங்க!

அட்டெண்டர் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார். கையில் சீட்டு கிடையாது, விவரம் கிடையாது. "மேடம், பிரின்ஸிபால் கூப்பிடறாங்க." மூன்றே வார்த்தை.

அறுபது பிள்ளைகளுக்குத் தேய்மானக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும் விரிவுரையாளருக்கு அந்த நிமிஷமே நாக்கு வறண்டு போகிறது. எதுக்கு? போன திங்கட்கிழமை நாலு நிமிஷம் லேட்டாக வந்ததற்கா? செமஸ்டர் ரிசல்ட்டா? எவனாவது பையன் கம்ப்ளெயின்ட் எழுதிப் போட்டுவிட்டானா? மாடிப்படி இறங்குவதற்குள் மனசு நூறு மாடி இறங்கிவிடுகிறது.

உள்ளே போனால், "வாங்கம்மா... அடுத்த வாரம் ஆண்டு விழா. குத்துவிளக்கு யார் கொண்டு வர்றாங்க?"

அவ்வளவுதான் ஸார்! குத்துவிளக்குக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்து நிமிஷப் படபடப்பு இருக்கிறதே, அதை எந்த லெட்ஜரில், எந்தப் பக்கம் எழுதுவது?

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு எது, பற்று எது என்று கேட்கிற வியாதி உண்டு. கல்லூரிகளில் வேலை பார்க்கும் பெண்களின் கணக்கைக் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். டேலி ஆக மறுக்கிறது.

கணக்குப் பார்க்க நான் குடியிருக்கும் பொழிச்சலூர் ரொம்ப வசதியான இடம். காலை ஏழரை மணிக்குத் தெருமுனையில் நின்றால் போதும். தலைக்கு மேலே மீனம்பாக்கம் விமானச் சத்தம். கீழே பல்லாவரம் போகும் ஷேர் ஆட்டோ. அதில் மடித்துப் பின் குத்திய காட்டன் புடவை, தோளில் பை, பையில் டிபன் பாக்ஸ், அதற்குக் கீழே திருத்தாத விடைத்தாள் கட்டு. தாம்பரத்தில் 1937-லிருந்து இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கி, நேற்று பெயின்ட் காய்ந்த கல்லூரிவரை ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எத்தனையோ. அவற்றில் பாடம் நடத்தப் போகிற கூட்டம் இது. இந்தியா முழுக்க உயர் கல்வியில் 2021-22 கணக்குப்படி சுமார் 16 லட்சம் ஆசிரியர்கள். அதில் நூற்றுக்கு 43 பேர் பெண்கள்.

'வாரத்துக்கு 16 மணி நேரம்தானே?'

நம் ஆபீஸ் நண்பர்கள் சிலருக்கு லெக்சரர் வேலை என்றாலே ஒரு பெருமூச்சு. "வாரத்துக்கு 16 மணி நேரம் க்ளாஸ். சம்மர் லீவு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லப்பா!"

16 என்ற எண் பொய்யில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி நேரம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அதே விதியில், மொத்த வேலை வாரத்துக்கு 40 மணிக்குக் குறையக்கூடாது என்றும் இருக்கிறது. அதை மட்டும் யாரும் படிப்பதில்லை.

மிச்சம் 24 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று எங்கள் தெருவில் குடியிருக்கும் காமர்ஸ் மேடத்திடம் கேட்டேன். ஒரு தனியார் கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் வேலை. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"க்ளாஸுக்குப் பிரிபேர் பண்ணணும். பேப்பர் திருத்தணும். முப்பது பிள்ளைங்களுக்கு நான் மென்ட்டர். யாராவது வரலைன்னா அவங்க வீட்டுக்கு போன் பண்ணணும். 'நாக்' கமிட்டி வருதுன்னா ஃபைல். எல்லாத்துக்கும் போட்டோ. மரம் நட்டா போட்டோ, தண்ணி ஊத்தினா போட்டோ. லீவுல அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கணும். ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப் க்ரூப்ல மெசேஜ் வரும், 'காலைக்குள்ள அனுப்பவும்'னு..."

பத்து விரலும் தீர்ந்துவிட்டது. நான் கையை நீட்டினேன். "வேணாம், உங்க விரலும் பத்தாது" என்று சிரித்தார்.

ஒரே ஸ்டாஃப் ரூம், பல ஜாதகம்

எல்லோரையும் 'லெக்சரர்' என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் ஜாதகம் வேறு வேறு. அரசு கல்லூரியிலோ அரசு உதவி பெறும் பிரிவிலோ நிரந்தரப் பதவியில் இருப்பவருக்கு சம்பளக் கமிஷன், பதவி உயர்வு என்று ஏதோ ஒரு தரை காலுக்குக் கீழே இருக்கிறது. அதே கட்டடத்தில், அதே பாடத்தை, மதிய ஷிப்டில் நடத்தும் சுயநிதிப் பிரிவு ஆசிரியைக்கு நிர்வாகம் வைத்ததுதான் சம்பளம். பாடத் திட்டம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, பே ஸ்லிப் மட்டும் வேறு!

மூன்றாவது ரகத்துக்குப் பெயரே அழகு. கௌரவ விரிவுரையாளர். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேலை பார்த்து வந்திருக்கிறார்கள். 2024-ல் இவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை, இவர்கள் வயிற்றுக்கும் விடுமுறை. மானியக் குழுவோ 2019 ஜனவரியிலேயே, கெளரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. பெயரில் வைத்த கௌரவத்தில் பாதியைச் சம்பளத்தில் வைத்திருக்கக்கூடாதா?

செங்கல்பட்டு ரயிலில் தினமும் போய்வரும் அப்படி ஒருவர் சொன்னார்: "பி.எச்டி. முடிச்சு பத்து வருஷம் ஆச்சு சார். ஜூன் மாசம் பிறந்தா, இந்த வருஷமும் கூப்பிடுவாங்களான்னு வயித்துல புளி கரைக்கும். பிள்ளைங்க 'மேம், அடுத்த வருஷமும் நீங்கதானே?'ன்னு கேட்பாங்க. சிரிச்சுட்டு வந்துடுவேன்."

எலிக்கு ஷாக் கொடுத்தபோது...

"டென்ஷன் கொடுத்தாத்தான் ஸார் வேலை நடக்கும்!" என்று ஒரு நிர்வாகி கட்சி கட்டுவார். இந்தக் கட்சிக்கு ஒரு பழைய ஆதாரமும் உண்டு. 1908-ல் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்ஸன் என்று இரண்டு பேர் சுண்டெலிகளைப் பழக்கினார்கள். தப்பான வழியில் போனால் லேசான மின்சார ஷாக். கஷ்டமான பாடத்தை எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டது எப்போது என்றால், ஷாக் நடுத்தரமாக இருந்தபோது. ரொம்பக் குறைவாக இருந்தாலும் லேட், ரொம்ப அதிகமாக இருந்தாலும் லேட்.

நம் நிர்வாகிகள் இதில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

1979-ல் ராபர்ட் கராஸெக் என்பவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். வேலை நிறைய இருப்பது மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. வேலை நிறைய, ஆனால் அதை எப்படி, எப்போது செய்வது என்று முடிவு பண்ணும் உரிமை கையில் இல்லை. அந்த ஜோடிதான் ஆளைச் சாய்க்கிறது. வேலை எத்தனை இருந்தாலும் பிடி தன் கையில் இருந்தால் மனிதன் உற்சாகமாகக்கூட இருப்பான். கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டர் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறார், அலுத்துக்கொள்கிறாரா? அவருடைய கரண்டியை ஒருத்தர் பிடுங்கி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "உப்பு போட்டாச்சா? போட்டோ அனுப்புங்க" என்று கேட்டுப் பாருங்கள்!

இனி எங்கள் ஊர் விசேஷத்துக்கு வருகிறேன். பொழிச்சலூர் அகஸ்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமையானால் எள் தீபம் ஏற்ற எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஏழரை நாட்டுச் சனி பிடித்தவர்களுக்கு இங்கே ஒரு ஆறுதல்.

லண்டனில் ஒரு ஏழரை உண்டு, தெரியுமோ? 1967-ல் தொடங்கி, அங்கே அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த 17,000-க்கும் அதிகமான ஆண்களை டாக்டர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சரியாக ஏழரை வருஷம் கழித்துக் கணக்கு எடுத்தார்கள். மாரடைப்பில் யார் அதிகம் போனது? பெரிய பொறுப்பைச் சுமக்கும் மேலதிகாரிதானே என்று நினைப்போம். இல்லை! கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு, மேல்படியில் இருந்தவர்களைப்போல் 3.6 மடங்கு இதய நோய் மரணம். 1985-ல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். வேலையில் தன் சொல் எடுபடாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது. உத்தரவு போடுகிறவருக்கு வருகிற பிரஷரைவிட, காரணம் தெரியாமல் உத்தரவை வாங்கிக்கொள்கிறவருக்கு வருகிற பிரஷர்தான் ஜாஸ்தி.

மூன்று வகை பிரின்ஸிபால்

கல்லூரி நிர்வாகத்தை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பிரித்தது நான் இல்லை, 1930-களின் கடைசியில் கர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும். பத்து வயசுப் பையன்களைக் குழு குழுவாகப் பிரித்து முகமூடி மாதிரி சாமான்கள் செய்யச் சொன்னார்கள். ஒரு தலைவர் அதிகாரம் பண்ணினார். ஒருவர் கலந்து பேசினார். ஒருவர் 'எப்படியோ போங்க' என்று விட்டுவிட்டார்.

அதிகாரத் தலைவர் அறையில் இருந்தவரை வேலை ஜரூர். அவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது! பையன்கள் தங்களுக்குள் முறைத்துக்கொண்டார்கள், எளியவன் ஒருவனைப் பிடித்து வாட்டினார்கள். கலந்து பேசியவரின் குழுவோ தலைவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. 'எப்படியோ போங்க' குழுவில் வேலையும் நடக்கவில்லை, சந்தோஷமும் இல்லை.

இதை அப்படியே ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டு வாருங்கள். முதல் ரக பிரின்ஸிபால் வராந்தாவில் நடந்தால் சாக்பீஸ் சத்தம் கூடும். அவர் லீவு போட்ட அன்று ஸ்டாஃப் ரூமில் கேக் வெட்டுவார்கள். இவர்கள் எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள். "என்ன மேடம், உங்க சப்ஜெக்ட்ல 62 பர்சென்ட்தான் பாஸ்?" என்று நாற்பது பேர் இருக்கும் மீட்டிங்கில் கேட்டால், அந்த அம்மாள் மறுநாள் எப்படிப் பாடம் நடத்துவார்? நடத்துவதைப் பாதியாகக் குறைத்து, முக்கியமான பத்துக் கேள்வியை மனப்பாடம் பண்ண வைப்பார். பாஸ் 90 ஆகும், பாடம் பூஜ்யம் ஆகும்.

மூன்றாம் ரகம் இன்னும் ஆபத்து. "உங்க டிபார்ட்மென்ட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கோங்கம்மா" என்பார். யார் பேசித் தீர்ப்பது? குரல் பெரிசாக உள்ளவர் தீர்ப்பார். இளையவர், ஒப்பந்தத்தில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி, இவர்கள் தலையில்தான் கடைசி பீரியடும் சனிக்கிழமை ட்யூட்டியும் விழும்.

இரண்டாம் ரகத்தையும் பார்த்திருக்கிறார் எங்கள் தெரு மேடம். அவர் கல்லூரிக்கு நடுவில் இரண்டு வருஷம் ஒரு அம்மாள் பொறுப்பில் இருந்தாராம். சம்பளத்தைக் கூட்ட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் டைம் டேபிளை ஜூன் மாசத்திலேயே உட்கார வைத்துக் கேட்டுப் போட்டார். தப்பு இருந்தால் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். யாரைக் கூப்பிட்டாலும் எதற்கு என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். "அந்த ரெண்டு வருஷமும் சனிக்கிழமை நானே போய் ஃபெயிலான பிள்ளைங்களுக்குக் கணக்கு போட்டுக் காட்டினேன். யாரும் சொல்லலை, காசும் கிடையாது" என்றார் மேடம். இப்போது? "இப்பவா? பெல் அடிச்சா பையைத் தூக்கிடுவேன்."

ஆள் அதே ஆள். சம்பளம் அதே சம்பளம்.

வீட்டில் இரண்டாவது ஷிப்ட்

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பல்லாவரத்தில் இறங்கி, வெள்ளிக்கிழமையானால் சந்தைக் கூட்டத்தில் நீந்தி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். முதல் ஷிப்ட் முடிந்தது. "ஏம்மா, மாவு அரைக்கணும்னு காலையிலேயே சொன்னேனே?" என்று மாமியார் குரல். இரண்டாவது ஷிப்ட் ஆரம்பம்!

இதற்கும் கணக்கு உண்டு. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடும் நேரம் நாளுக்கு சராசரி 299 நிமிஷம். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிஷம். கவனியுங்கள், அந்த 97-ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். செய்யாத மகராஜன்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்!

ஐந்து மணி நேரத்தையும் ஆபீஸ் நேரத்தையும் பயண நேரத்தையும் கூட்டுங்கள். தூக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். விடைத்தாள் கட்டு அடுப்புக்குப் பக்கத்தில் திருத்தப்படுகிறது. ரசம் வாசனையோடு மார்க் வாங்கிய பையன்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

நஷ்டம் யாருக்கு?

இத்தனையும் அந்தப் பெண்களின் சொந்தக் கஷ்டம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன் அவுட்' என்பதை வேலை சம்பந்தப்பட்ட பிரச்னையாக வரையறுத்தது. மூன்று அடையாளம் சொல்கிறது. உடம்பிலும் மனசிலும் சக்தி தீர்ந்து போவது. வேலை மீது ஒரு வெறுப்பு, விலகல். மூன்றாவது, வேலைத் திறன் குறைவது.

மூன்றாவதுக்கு வரும்போது பில் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் கேள்வி கேட்ட பையனைப் பார்த்து "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்று ஒரு ஆசிரியை சொன்னால், அவர் சோம்பேறி என்று முடிவு கட்டுவது சுலபம். ஐந்து வருஷம் முன்னால் அவரே அந்தக் கேள்விக்காகக் காத்திருந்திருப்பார்.

2024-ல் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டு வந்தது. ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழு நேர வேலை பார்ப்பதாகக் காகிதத்தில் கணக்குக் காட்டியிருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்கியது. எல்லோரும் அந்த அவதார புருஷர்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வேறு சந்தேகம். காகிதத்தில் மட்டும் இருந்த ஆசிரியருடைய வகுப்புகளை நிஜத்தில் யார் எடுத்தது? இருக்கிற ஆசிரியர்கள்தானே? பேலன்ஸ் ஷீட்டில் பெஞ்சுக்குத் தேய்மானம் எழுதுகிறார்கள், புரொஜெக்டருக்கு எழுதுகிறார்கள். இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தவருக்கு மட்டும் தேய்மானம் கிடையாதா?

அடுத்த மேனேஜர் நீங்கள்தான்

இதைப் படிக்கும் உங்களுக்கு இன்னும் ஐந்து வருஷத்தில் ப்ரமோஷன் வரும். உங்களுக்குக் கீழே நாலு பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் பெண்களாக இருப்பார்கள். அப்போது செலவில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. கூப்பிட்டால் எதற்கென்று சேர்த்துச் சொல்லுங்கள். பாராட்டை நாலு பேர் முன்னாலும், குறையைத் தனியாகவும் சொல்லுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் க்ரூப்பில் உத்தரவு போடாதீர்கள். வேலையைப் பங்கு போடும்போது, வாய் திறக்காதவர் தலையில் எத்தனை விழுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால், 2013 சட்டப்படி பெண்களுக்கான உள்புகார்க் குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர்கள் யார் என்று சுவரில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கு ஐந்து வருஷம் காத்திருக்கவும் வேண்டாம். ஜூன் மாசம் தம்பியையோ தங்கையையோ கல்லூரியில் சேர்க்கப் போவீர்கள். ஏ.சி. வகுப்பறை காட்டுவார்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கைகுலுக்கிய போட்டோ காட்டுவார்கள், பஸ் ரூட் காட்டுவார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த டிபார்ட்மென்ட்ல மூணு வருஷத்துக்கு மேல வேலை பார்க்கிறவங்க எத்தனை பேர் ஸார்?"

டக்கென்று எண் சொன்னால் ஃபீஸைக் கட்டலாம். "அதெல்லாம் எதுக்கு ஸார், கேன்டீன் பார்க்கறீங்களா?" என்று பேச்சை மாற்றினால், காபி மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.